லுங்கி பீரோவில் இருந்த பாம்பு

என் தம்பி சென்னையில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். ஐப்பசி மழையில் ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது பைக் சறுக்கிவிட்டது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்புவது கடினம் என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாள், அவன் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரர் எனக்குப் போன் செய்தார்.

“உன் தம்பி ரூம்ல பாம்பு கீதும்மா. கண்ணாடிப் பொட்டில வெச்சிகினு கீறான். எங்க வூட்டு பொம்பளைங்க மாடி ஏற மாட்றாங்க. நாளைக்குள்ள எடுத்துகினு போயிடு. இல்லனா யாராவது அடிச்சிடுவாங்க, அப்புறம் என்னக் கேக்காத.”

பாம்பு இருப்பது எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன இன மலைப்பாம்பு அது. விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதனால் ஆங்கிலத்தில் ‘பால் பைத்தான்’, பந்து மலைப்பாம்பு, என்கிறார்கள். நான்கடி நீளம். உடம்பில் கறுப்பும், பழைய பித்தளையின் நிறமும். நான்கு வருடமாக வளர்த்தும் அவன் பெயர் வைக்கவில்லை. ‘அது’ என்றுதான் சொல்வான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவனால் பேச முடிந்ததும் அன்றுதான். அவன் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

“அதுக்கு யாருக்கா தண்ணி வெக்கிறாங்க?” என்றான்.

“நான்” என்றேன். அந்த நிமிடம் வரைக்கும் அது உண்மையில்லை.

அன்று மாலையே அவன் அறைக்குப் போனேன். ஒரு தலையணை உறை, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஜோடி தடித்த கையுறை, முடிச்சுப் போடக் கயிறு கொண்டுபோயிருந்தேன். கண்ணாடித் தொட்டியை அதற்குள் யாரோ மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் விரிசல் விழ வைத்திருந்தார்கள். பாம்பு தொட்டிக்குள் இருந்த அட்டைப் பெட்டியில் சுருண்டிருந்தது. எடுத்தபோது கனமாக, உலர்ந்து, கொஞ்சம் சில்லென்று இருந்தது. கையுறை தேவைப்படவில்லை. உறையில் விட்டு முடிச்சுப் போட்டு, டப்பாவில் வைத்து, திருத்தணி ரயிலில் ஏறினேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார். திருவள்ளூர் தாண்டியதும் கேட்டார்.

“இன்னாம்மா அது, கோழியா?”

“இல்லீங்க. துணி.”

“துணி மூச்சு வுடுது.”

அதற்குப் பிறகு அவர் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். அரக்கோணம் வரும்வரை கீழே வைக்கவில்லை.

திருத்தணி வீட்டில் நைனா, எங்கள் அப்பா, மட்டும் இருந்தார். அம்மா தம்பியோடு ஆஸ்பத்திரியில். நைனா பொதட்டூர்பேட்டைத் தறிகளில் லுங்கி எடுத்து நகரி, புத்தூர்ப் பக்கக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். முழங்கால் போனபிறகு வியாபாரத்தை விட்டுவிட்டார். முன்னறையில் லுங்கிக் கட்டுகள் அடுக்கும் பெரிய மர பீரோ இரண்டு வருடமாகக் காலியாக நின்றது. டப்பாவைத் திறந்து காட்டினேன்.

“ஒருத்தன் ஆஸ்பத்திரில படுத்துகினு கீறான். நீ பாம்ப எடுத்துகினு வர்ற.”

“அவன்து நைனா.”

அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். “எங்க வெப்ப?”

“லுங்கி பீரோல.”

“எத்தினி நாளைக்கு?”

“அவன் வர்ற வரைக்கும்.”

சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா படித்தவள். அரக்கோணத்துக்கு அருகில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வெப்பமானி, அழுத்தமானி காட்டும் எண்ணை நம்பலாமா என்று சோதித்துச் சான்று எழுதுவது என் பொறுப்பு. ஆகவே தம்பி படுக்கையிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு பக்கம் சூடு முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு. ஈரப்பதம் அறுபதுக்குக் குறையக் கூடாது. ஒளிந்துகொள்ள இரண்டு இடம், சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று. அது முழுதாக முங்கும் அளவுக்குத் தண்ணீர்ச் சட்டி. பூட்டு.

பீரோ தயாராக இரண்டு வாரம் பிடித்தது. நடுத் தட்டுகளைக் கழற்றினேன். கதவுப் பலகைகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டேன். பக்கவாட்டில் துளையிட்டு வலை அடித்தேன். அடியில் சூட்டு விரிப்பு, அதற்குத் தெர்மோஸ்டாட், மூலைக்கு ஒன்றாக இரண்டு வெப்பமானி. அந்த வெப்பமானிகளை வேலையிடத்திலேயே சோதித்தேன். ஒன்று அரை டிகிரி கூடக் காட்டியது, அதையும் குறித்துக்கொண்டேன். உட்புறத்தைச் சோப்புத் தண்ணீரால் மூன்று முறை கழுவி வெயிலில் காய வைத்தேன். ஒளிவதற்கு இரண்டு மண்சட்டிகளை வாயை உடைத்துக் கவிழ்த்தேன். அந்த இரண்டு வாரமும் பாம்பு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. அங்கே இருந்தபோது ஒரு வெள்ளெலியைச் சாப்பிட்டது. நோட்டில் அது இருக்கிறது: ‘சாப்பிட்டது, டப்பா, 4 நிமிடம்.’ பீரோவுக்கு மாறிய பிறகு அது எதையும் சாப்பிடவே இல்லை. அதுவும் நோட்டில் இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த பக்கங்கள்.

எலிகள் சென்னையில் ஒரு கடையில் உறைய வைத்துக் கிடைத்தன. அவற்றை எங்கள் பிரிட்ஜில் வைப்பதற்குத்தான் நைனாவோடு பேச்சு நீண்டது.

“கிருத்திகைக்கு இந்த வூட்ல முட்டகூட ஒடைக்க மாட்டோம். ஐஸ் பொட்டில எலியா?”

“கிருத்திகை அன்னைக்கு வெளில எடுக்க மாட்டேன் நைனா.”

“வெள்ளிக்கெழம?”

“மாட்டேன்.”

“செவ்வா? அமாவாச?”

“மாட்டேன்.”

“பாவம், அந்தப் பாம்பு என்ன பண்ணுச்சி” என்றார். பிறகு பால் பாக்கெட்டுகளை நகர்த்தி மேல்தட்டில் அவரே இடம் ஒதுக்கினார்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வாசற்படியில் ஒரு டம்ளர் பாலும் ஒரு முட்டையும் இருந்தன. “உங்க வூட்டத் தேடி வந்துகீதுன்னா சும்மாவா? புள்ளைய எழுப்பத்தான் வந்துகீது” என்றார் அவர். பாம்பு பால் குடிக்காது, இந்த இனம் முட்டையும் தொடாது என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. நைனா இரண்டையும் உள்ளே எடுத்து வைத்தார். மறுநாள் காலை சமையலறையில் ஆம்லெட் வாசனை வந்தது.

தம்பியைக் கார்த்திகையில் வேலூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினோம். முதல் பத்து நாள் அவன் கட்டிலை விட்டு அசைய மறுத்தான். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். அவன் போனில் பாம்புப் படங்களைப் பார்த்துவிட்டு அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

“இத ஒரு கையில புடிக்க முடியுமா?”

“முடியாது சார். ரெண்டு கையும் வேணும்.”

“அப்போ ரெண்டு கையையும் ஊணாம உக்காரணும். முதுகு நிக்கணும். நிக்க வெக்கலாமா?”

மறுநாள் அவன் உட்காரப் பழகும் கூடத்துக்குப் போனான். அம்மா போனில் சொல்லி அழுதார். நடப்பது பற்றி யாரும் அவனிடம் வாக்குக் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலிக்கு மாற வேண்டும் என்றால் முதலில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் படுக்கைப் புண், நுரையீரலில் சளி, அதற்கு மேல் என்ன என்பதை அவர்கள் எங்களிடம் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார்கள். அவன் உட்காருவதற்கு வைத்திருந்த காரணம் என் முன்னறை பீரோவில் இருந்தது. அதை உயிரோடு வைத்திருப்பது என் வேலை. நான் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறும் புதனும் காலை ஆறு மணிக்கு எடை போட்டு அவனுக்கு அனுப்புவேன். முதல் எடை 1,420 கிராம். அது சாப்பிடாததைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

“குளிர் காலத்துல சாப்புடாதுக்கா. புது எடம் வேற. ரெண்டு மாசம்கூட பட்டினி கெடக்கும். நீ தெனம் போயி தொந்தரவு பண்ணாத.”

அந்த இனத்துக்கு அது வழக்கம்தான். ஆகவே எடை குறைந்தபோதும் நான் பயப்படவில்லை. 1,385. 1,390. 1,340. மழை விடாமல் பெய்ததால் ஜன்னல்களை மூடியே வைத்திருந்தோம். சூடு சரியாக முப்பத்திரண்டில் நின்றது. ஈரப்பதம் எழுபது. பிறகு மார்கழியில் ஒருநாள் அது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தது. மல்லாத்தி வைத்தால் ஆரோக்கியமான பாம்பு உடனே திரும்பிக்கொள்ளும் என்று தம்பி சொல்லியிருந்தான். இது பதினோரு வினாடி எடுத்தது. மறுநாள் பத்தொன்பது. தண்ணீர்ச் சட்டியிலிருந்து வெளியே வரத் தெரியாமல் விளிம்பில் தாடையை வைத்தபடி கிடந்தது. அந்தப் புதன்கிழமை எடை 1,130.

நான் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி போட்டேன். 1,130.

போனை எடுத்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. “இருவது நிமிசம் உக்காந்தான்டி. ரெண்டு கையையும் தூக்கிகினு. நான் எதிர்ல நின்னு பார்த்தேன்.”

“சரிம்மா” என்றேன். அழைப்பை வைத்துவிட்டுத் தம்பிக்கு ‘1,225’ என்று அனுப்பினேன்.

கருவி காட்டாத எண்ணை நான் எழுதியது அதுதான் முதல்முறை. என் நோட்டில் உண்மை எடையை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அனுப்பிய எடையையும் எழுதினேன்.

பாம்பு பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைச் சென்னையில் கண்டுபிடித்தேன். அந்த ஞாயிறு, திருத்தணி முருகன் மலையில் படித் திருவிழாவுக்கு முந்தின நாள். திருத்தணியில் நின்ற ரயிலிலிருந்து பஜனைக் கோஷ்டிகள் மிருதங்கமும் ஜால்ராவுமாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் இறங்கியபிறகு காலியான பெட்டியில் டப்பாவோடு நான் ஏறினேன்.

டாக்டர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். பாம்பை மேசையில் விட்டுப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது. என் நோட்டைப் புரட்டினார்.

“இந்த மாதிரி யாரும் எழுதிக் கொண்டாந்தது இல்ல. சூடெல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கீங்க.” பிறகு நோட்டை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். “வீட்ல அந்துருண்டை போடுவீங்களா?”

“இல்லையே டாக்டர்.”

“நோட்டுல வருது. உங்க துப்பட்டாவுலயும் வருது. அதை எதுல வெச்சிருக்கீங்க?”

பீரோ என்றேன். அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டார். லுங்கி என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

பூச்சி அரிக்காமல் இருக்க வருடக்கணக்காக அந்துருண்டை போட்ட மரம், அதன் ஆவியைக் குடித்து வைத்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போகாது. அடியிலிருந்து சூடு கொடுத்தால் அது மெல்ல வெளியே வரும். கண்ணாடிக் கதவு அதை உள்ளேயே வைத்திருக்கும். மனிதர்களுக்குத் தலைவலி வரலாம். பாம்புக்கு ரத்தமும் ஈரலும் நரம்பும் போகும். இதை அவர் கோபமில்லாமல் சொன்னார். ஊசி போட்டார், குழாய் வழியாக நீர் கொடுத்தார். “இன்னைக்கே வெளிய எடுத்துடுங்க. பொழைக்கும்னு சொல்ல மாட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் நைனாவைக் கேட்டேன்.

“பீரோல அந்துருண்டை போட்டியா நைனா?”

“போடாம? முப்பது வருசமா, மாசத்துக்கு ஒரு பாக்கெட்டு. அது இல்லனா பூச்சி லுங்கிய வுடுமா? ஏன்?”

சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பீரோவுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தார். “வாசனையே இல்லையேம்மா.”

நானும் தலையை விட்டேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டோம். அவர் வாசலிலேயே நின்றார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அந்துருண்டை வாசனையா? அது உங்க வூட்டு வாசனையாச்சே. நீ பள்ளிக்கூடம் போற காலத்துலயே உன் மேல வருமே. தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

நைனா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வெப்பத்தை அளந்தேன், ஈரத்தை அளந்தேன், தராசைச் சரிபார்த்தேன். பிறந்ததிலிருந்து சுவாசித்த ஒன்றுக்கு என் பட்டியலில் வரி இல்லை.

பாம்பைப் புது பிளாஸ்டிக் டப்பாவில், மாடியறையில், எல்லாத் துணியும் அகற்றிய இடத்தில் வைத்தேன். தொடும் முன் குளித்தேன். புதிதாக வாங்கி, பீரோ பக்கமே கொண்டுபோகாத சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் நீர் கொடுத்தேன். தம்பிக்குச் சொல்லவில்லை. அவன் தினமும் உட்கார்ந்துகொண்டிருந்தான். இருபத்தைந்து நிமிடம், முப்பது. நான் எடைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். 1,220. 1,215. 1,210. நாற்காலிக்கு மாறும் அளவுக்கு அவன் தேறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம், அல்லது பாம்பு தேறிவிடும், சொல்லவே வேண்டியிருக்காது. இரண்டில் ஒன்று நடக்கும் என்று கணக்கு வைத்திருந்தேன்.

பொங்கல் முடிந்த நான்காம் நாள் காலை அது செத்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எடை 905. நைனாவும் நானும் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம். அவர் முழங்காலை மடக்க முடியாமல் நின்றபடியே மண்ணைக் காலால் தள்ளினார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு நேரில் போய்ச் சொல்வதாக முடிவு செய்திருந்தேன். போனில் சொல்லும் விஷயம் இல்லை. அதற்குள் முடிக்க வேண்டியதை முடிக்கலாம் என்று நினைத்தேன். இப்படிப்பட்ட வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் அரசின் வனத்துறை இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செத்தால் மருத்துவர் கடிதத்தோடு தெரிவிக்க வேண்டும். தம்பி முறையாகப் பதிந்திருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து, டாக்டர் போனில் அனுப்பிய கடிதத்தை இணைத்துப் படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘நச்சு ஆவி’ என்று போட்டேன். பொத்தானை அழுத்தினேன். ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது.

என் போனில் ஒன்றும் வரவில்லை. அரை நிமிடம் காத்திருந்தேன். அது யாருடைய எண்ணுக்குப் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் அடித்தது.

“அக்கா, ஓடிபி வந்துகீது.”

நான் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளினேன்.

“பாரஸ்ட் சைட்டா?”

“ஆங்.”

“எப்போ?”

“நேத்து காலைல.”

“சரி. ஓடிபி பத்து நிமிசம்தான் இருக்கும். போட்டுக்கோ.” ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் ஒவ்வொன்றாக அழுத்தினேன். பதிவாகிவிட்டது என்று பச்சையில் வந்தது. அவன் இன்னும் லைனில் இருந்தான்.

“நீ அனுப்பின எடையெல்லாம் அஞ்சு அஞ்சு கிராமா எறங்குது. அது அப்படி எறங்காதுக்கா. தண்ணி குடிச்சா ஏறும். கழிச்சா தடால்னு எறங்கும். நீ கையால எழுதினதுன்னு ரெண்டாவது வாரமே தெரிஞ்சிது.”

“ஏன்டா கேக்கல?”

“கேட்டா நீ சொல்லியிருப்ப.”

பிறகு எதனால் என்று கேட்டான். பீரோவைப் பற்றிச் சொன்னேன். கேன்டீனில் யாரோ தட்டு கழுவும் ஓசை மட்டும் கேட்டது.

“நானா இருந்தாலும் அதுலதான் வெச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் போனேன். அம்மா வார்டுக்கு வெளியே நின்றிருந்தார். “மூணு நாளா உக்கார மாட்றான்டி. திருப்பிப் படுக்க வெச்சா அப்படியே கெடக்குறான். நீ சொல்லேன்.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். முகம் மழித்திருக்கவில்லை. நோட்டைக் கொண்டுவந்தாயா என்று கேட்டான். கொடுத்தேன். படுத்தபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தான். ‘சாப்பிட்டது, டப்பா, 4 நிமிடம்’ என்ற இடத்தில் சற்று நின்றான். அடைப்புக்குறி எண்கள் வந்தபிறகு வேகம் குறைந்தது. கடைசி வரியில் 905 என்று இருந்தது. அதற்கு அடைப்புக்குறி கிடையாது. நோட்டை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

உட்காரச் சொல்ல வேண்டும் என்று வந்திருந்தேன். வழியெல்லாம் காரணங்களை வரிசைப்படுத்தியிருந்தேன்: புண், சளி, அம்மா, நாற்காலி. எல்லாம் சரியான காரணங்கள். நோட்டைப் பையில் வைத்துவிட்டு, அவன் போர்வையைச் சரிசெய்தேன்.

பதினோரு மணிக்குப் பிசியோதெரபிஸ்ட் இடுப்புப் பட்டையோடு வந்தார்.

“என்னப்பா, இன்னைக்கு?”

“நாளைக்கு சார்.”

“நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்ன.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவர் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கட்டில் காலடியில் தொங்கிய பைலை எடுத்து ஏதோ எழுதி, நேரம் போட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.